எந்த வெள்ளை ஈ?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோலார் பக்கம் தக்காளியில் இலைச்சுருட்டு நோய் பரவுவதாகத் தங்கள் பெங்களூரு பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். செய்தி சரி, படம்தான் தப்பு. வட்டவட்டமாக வெள்ளை மெழுகு படிந்த தென்னை ஓலையைப் போட்டிருக்கிறீர்கள். அது 2016-ல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈயின் வேலை. தக்காளிக்கு இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டுவருவது பெமிசியா டபாசி என்ற வேறு வெள்ளை ஈ.

அந்தப் பெமிசியாவும் ஒரே இனம் இல்லை என்பதுதான் பெரிய சிக்கல். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஈயை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாலும் வித்தியாசம் பிடிபடாது. அதன் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பிலுள்ள சிஓஐ என்ற மரபணுவின் ஒரு துண்டைப் பிசிஆர் என்ற டிஎன்ஏ நகலெடுக்கும் முறையில் பெருக்கி, அதன் எழுத்து வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நம்மூர் ஆசியா-1, ஆசியா-2-1, வெளியிலிருந்து வந்த பி வகை என்று பிரியும். அந்த வரிசை 3.5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனி இனமாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் பி வகை முதலில் சிக்கியதே 1999-ல், கோலார் தக்காளியில் இந்த நோய் தலைவிரித்தாடியபோதுதான். அதன் குஞ்சுகள் சாறு உறிஞ்சினால் பூசணி வகைச் செடிகளின் இலை வெள்ளி பூசியதுபோல வெளுக்கும். ஆய்வகம் போகாமல் வயலில் கிடைக்கும் துப்பு கிட்டத்தட்ட அது ஒன்றுதான்.

மருந்துக்கு மசியாத குணமும் வைரஸைப் பரப்பும் திறனும் வகைக்கு வகை மாறும். மருந்துக்கடையிலோ எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவை நீட்டுகிறார்கள். ஈ சாகவில்லையென்றால் விவசாயி அளவைக் கூட்டுகிறார், வேறென்ன செய்வார்?

அதற்காக டிஎன்ஏ சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று சொல்லவில்லை. சிஓஐ தாய்வழியில் மட்டுமே வருவது, தந்தைவழியை அது காட்டாது. 2018-ல் சிவமொக்காவில் முதலில் கண்ட படைப்புழு என்ற பயிர்ப்பூச்சியையே பாருங்கள். அதில் நெல் வகை, மக்காச்சோள வகை என்று இரண்டு உண்டு: சிஓஐயைப் பார்த்தால் பெரும்பாலும் நெல் வகை, செல்லின் உட்கருவிலுள்ள டிபிஐ என்ற மரபணுவைப் பார்த்தால் மக்காச்சோள வகை. புழு என்னவோ மக்காச்சோளத்தைத்தான் மேய்ந்தது! ஆகவே ஒரே ஒரு மார்க்கரோடு, அதாவது அடையாள மரபணுவோடு, நிறுத்தக் கூடாது.

பூச்சிகளுக்கென்றே ஒரு தேசிய ஆய்வு நிறுவனம் பெங்களூரு ஹெப்பாளில் இருக்கிறது. எந்த ஊரில் எந்த வகை ஈ என்று ஆய்வுக் கட்டுரைகளில் போய் முடங்கும் இந்த விவரத்தை, நாற்று நடும் பருவத்துக்கு முன்பே தாலுகாவாரியாக வேளாண் துறை வெளியிட வேண்டும். கோலாருக்குக் கன்னடத்திலும், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துக்குத் தமிழிலும் வரட்டும். தங்கள் நிருபர் துறை அதிகாரிகளிடம் இதைக் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
அல்சூர், பெங்களூரு