கிரீன் பாண்ட் ரோடு

மாப்ள சரவணா,

பொங்கலுக்கு நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜுக்கு இன்னும் பதில் போடல, இப்ப மார்ச் ஆயிடுச்சு, தப்புதான்டா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பாப்பா ஸ்கூல் போறா, குளிர் இன்னும் விடல. அம்மா முட்டி வலி எப்படி இருக்குன்னு மறக்காம எழுது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஞாபகம் இருக்கா, குப்பைத் தொட்டிய தெருவுல வைக்க மறந்தா வந்து கதவத் தட்டுவாரே? போன வாரம் வீட்டக் காலி பண்ணிட்டு மக வீட்டோட போயிட்டாருடா. 84 வயசு, தனியா முடியல. போறதுக்கு முந்தின நாள் என்னக் கூப்பிட்டு ஒரு மரச்சாமானக் கையில குடுத்தாரு. ஒரு கைப்பிடி, அதுல ஒரு சின்ன பல்சக்கரம், சக்கரத்து மேல இடிக்கிற மாதிரி ஒரு மெல்லிசு பலகை. தலைக்கு மேல தூக்கி சுத்தினா கடகடகடன்னு தெருவே திரும்பிப் பாக்குது. அந்தக் காலத்துல பந்தாட்டம் பாக்கப் போறவங்க எல்லாரும் கொண்டு போற கிலுகிலுப்பையாம் அது. அவங்க அப்பாவோடது. கைப்பிடி உள்ளங்கை பட்டுப் பட்டு கருத்து வழவழன்னு இருக்கு, அடியில ஆணியால "அவென்யூ"ன்னு கீறியிருக்கு. என்னங்க இதுன்னு கேட்டேன், ரெண்டு மணி நேரம் பேசினாரு, டீ ஆறிப்போச்சு. அதுலருந்து எனக்கு வேற நெனப்பே இல்ல மாப்ள.

வால்தம்ஸ்டோ அவென்யூ. லண்டன்ல நான் இருக்குற இதே ஊரோட ஃபுட்பால் கிளப்பு, 1900ல ஆரம்பிச்சது. நான் ஆறு வருஷமா இங்க இருக்கேன், ஒருத்தர் வாயிலயும் இந்தப் பேர கேட்டதில்ல. சம்பளம் வாங்காம ஆடுறவங்களுக்குன்னே இங்க அமெச்சூர் கப்னு ஒண்ணு நடந்துட்டு இருந்துச்சு. 1952 ஃபைனல்ல அவென்யூவும் லேட்டனும் மோதுறாங்க. லேட்டன் எங்கன்னு கேட்டா இங்கருந்து நடந்தே போயிடலாம்டா, ரெண்டும் அடுத்தடுத்த ஊரு! ஆனா மேட்ச் வெம்ப்ளி பெரிய ஸ்டேடியத்துல, கூட்டம் 1,00,000 பேரு. எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் போயி அவென்யூ 2-1ன்னு ஜெயிச்சுது. பெரியவருக்கு அப்ப 11 வயசு, அப்பா கையப் புடிச்சுட்டுப் போனாராம், இந்தக் கிலுகிலுப்பையும் கூடவே போயிருக்கு.

இப்ப உனக்குன்னு ஒரு சேதி, கிரிக்கெட் பைத்தியமே. அந்த அவென்யூ டீம்ல மெடல் வாங்கினவங்கள்ல ஒருத்தர் ட்ரெவர் பெய்லி! இங்கிலாந்துக்கு 61 டெஸ்ட் ஆடின அதே பெய்லி. 1953 ஜூன்ல லார்ட்ஸ்ல ஆஸ்திரேலியாகிட்ட தோக்க வேண்டிய டெஸ்ட்ட வில்லி வாட்சனோட சேந்து நாலு மணி நேரத்துக்கு மேல நின்னு டிரா பண்ணாரே, அவரேதான். கோடையில டெஸ்ட், குளிர்காலத்துல நம்ம தெருப்பக்கம் ஃபுட்பால்.

உன் ஜாதிக்காரன் ஒருத்தரும் உண்டு, அதாவது கோல்கீப்பர் ஜாதி. ஸ்டான் ஜெருலா, போலந்துக்காரர், போருக்கு அப்புறம் இந்த நாட்டுலயே தங்கிட்டவர். அந்த ஃபைனல்ல அவென்யூ கோல்ல நின்னது அவருதான்.

அதுக்கு அடுத்த சீசன், பெரிய ப்ரொஃபஷனல் கிளப்புகளும் ஆடுற எஃப்ஏ கப்ல ஸ்டாக்போர்ட் கிளப்ப தோக்கடிச்சு நாலாவது ரவுண்டு போறாங்க, எதிர்ல யாரு, மான்செஸ்டர் யுனைடெட். அப்ப லீக் சாம்பியனே அவங்கதான். 1953 ஜனவரி 31, அவங்க மைதானம் ஓல்ட் டிராஃபோர்டு. நம்ம அவென்யூ ஆளுங்க எல்லாரும் வேற வேலை வெட்டி பாத்துட்டு சனிக்கிழம ஆடுறவங்க, அங்க போயி 1-1ன்னு டிரா பண்ணிட்டு வந்தாங்கடா! கோல் போட்டது ஜிம் லூயிஸ். திரும்ப ஆடினப்ப, அவென்யூ மைதானம் பத்தாதுன்னு ஆர்சனலோட ஹைபரில வச்சாங்க, 5-2ல தோத்தாங்க, அந்த ரெண்டு கோலும் லூயிஸ்தான். அப்புறம் அவரு செல்சியில ஆடி 1955ல அவங்க லீக் ஜெயிச்ச டீம்லயும் இருந்தாரு, அப்பவும் சம்பளம் வாங்காத அமெச்சூராவே. நேத்து நைட்டு இதப் படிச்சுட்டு தூங்கவே இல்ல நான், அவ எழுந்து லைட்ட அணைங்கன்னு சத்தம் போடுறா.

ஒண்ண விட்டுட்டேன். 1948 ஒலிம்பிக்ஸ் லண்டன்ல நடந்துச்சுல்ல, அதுல சில ஃபுட்பால் மேட்ச் இந்த மாதிரி சின்ன கிளப் ஊருங்கள்ல வச்சிருக்காங்க, கிரீன் பாண்ட் ரோடுல அவென்யூ மைதானத்துலயும் நடந்திருக்கு. இந்தியா ஃபிரான்ஸோட ஆடினது பக்கத்துல இல்ஃபோர்டுல, நான் மளிகை வாங்கப் போற ஊரு! சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம முதல் ஒலிம்பிக்ஸ், பாதிக்கு மேல வெறுங்கால். ரெண்டு பெனால்டி கிடைச்சும் ரெண்டும் போச்சு. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டு சமன் பண்ணாரு, கடைசி நிமிஷத்துல ஃபிரான்ஸ் ஒண்ணு போட்டு 2-1. இத்தன வருஷம் அந்தப் பக்கமா பருப்பு, புளி தூக்கிட்டு வந்திருக்கேன், ஒருத்தர் சொல்லல பாரு.

அப்புறம் என்னாச்சுன்னு கேப்ப. 1961ல அவென்யூ இன்னொரு தடவ அமெச்சூர் கப் ஜெயிச்சாங்க. அப்புறம் டிவி வந்துச்சு, கூட்டம் கரைஞ்சுச்சு. 1974ல அமெச்சூர், ப்ரொஃபஷனல்ங்கிற பிரிவையே எடுத்துட்டாங்க, அமெச்சூர் கப்பும் அதோட முடிஞ்சுது. கடைசி ஃபைனல்ல தோத்தது இல்ஃபோர்டுதான். இனிமே வேலைக்குப் போயிட்டே ஆடுறவங்களுக்கும் நேராவே காசு குடுக்கணும், குடுக்க கேட்டுல வசூல் இல்ல, ஆனா மைதானம் இருக்குற லண்டன் நிலத்துக்கு மட்டும் விலை ஏறிட்டே போகுது. லேட்டன்ஸ்டோன்னு இன்னொரு கிளப்பும் இல்ஃபோர்டு கிளப்பும் 1979ல சேந்துச்சு, 1988ல அதோட அவென்யூவும் சேந்துச்சு, அடுத்த வருஷம் ரெட்பிரிட்ஜ் ஃபாரஸ்ட்னு பேரு மாத்தினாங்க, 1992ல டேகனாமோட சேந்து டேகனாம் அண்ட் ரெட்பிரிட்ஜ். நாலு கிளப்பு சேந்து ஒண்ணு. அந்தப் பேருல வால்தம்ஸ்டோவும் இல்ல, அவென்யூவும் இல்ல. மைதானத்த வித்து வீடு கட்டிட்டாங்க. 1,00,000 பேர் முன்னாடி எதிர்ல ஆடின லேட்டனும் 2011ல நின்னு போச்சு.

தோத்து அழிஞ்சிருந்தா கூட மனசு ஆறும்டா. இது தோக்கல. ஒவ்வொரு தடவயும் யாரோ நல்ல மனசோட, கிளப்ப காப்பாத்துறோம்னு நெனச்சே கையெழுத்து போட்டிருக்காங்க, ஒவ்வொரு கையெழுத்துக்கும் பேருல ஒரு துண்டு போயிருக்கு. எனக்கு இதுதான் தாங்கல. 1988க்கு அப்புறம் உங்க அப்பா எந்த மேட்சுக்குப் போனாருன்னு பெரியவர்கிட்ட கேட்டேன். "சனிக்கிழம மத்தியானம் தோட்டத்துல நிப்பாரு" அப்படின்னாரு, அதுக்கு மேல பேசல.

நேத்து பாப்பாவக் கூட்டிட்டு கிரீன் பாண்ட் ரோடு போனேன். வரிசையா வீடு, கார், ஒரு ஜன்னல்ல பூனை. கிலுகிலுப்பைய கொண்டு போயிருந்தேன். அவ ஒரு தடவ சுத்தினா, பூனை ஓடிருச்சு.

மக வீட்டு நம்பர் வாங்கி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழம போயி பெரியவர் பேசுறத முழுசா போன்ல ரெக்கார்டு பண்ணப் போறேன், ஓல்ட் டிராஃபோர்டு போன ரயில்லருந்து ஆரம்பிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. ஜெருலா எப்படி நிப்பாரு, க்ராஸ் வந்தா வெளிய வருவாரா, லைன்லயே நிப்பாரானு எனக்குக் கேக்கத் தெரியாது. கீப்பர் கேக்குற கேள்விய நீதான் எழுதணும். சனிக்கிழமக்குள்ள அனுப்பு.

உன்
முருகேசன்