மாசாணி என்று வைக்கலாம், அம்மிணி

பொள்ளாச்சி

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் குழு கண்டுபிடித்த சிறுகோளுக்கு நிரந்தர எண் வந்துவிட்டது, பெயர் தேடும் பொறுப்பு உன்னிடம் என்று எழுதியிருந்தாய். "நம்ம பக்கத்துச் சாமி பேரா ஒண்ணு சொல்லுங்கப்பா" என்றும் கேட்டிருந்தாய். சொல்கிறேன். ஆனால் பெயருக்கு முன்னால் சுற்றுப்பாதையைப் பார்க்க வேண்டும். பாதி விண்ணப்பங்களுக்கு அதுவே விடை சொல்லிவிடும்.

வியாழனின் பாதையில் அதற்கு முன்னும் பின்னும் ஓடுபவற்றுக்குப் பெரும்பாலும் டிராய்ப் போரில் வரும் பெயர்கள். நெப்டியூனுக்கு அப்பால், அதன் பிடியில் சிக்காமல் சுற்றுபவற்றுக்குப் படைப்புக் கதைகளில் வரும் தெய்வங்கள். நெப்டியூன் சூரியனை மூன்று முறை சுற்றுவதற்குள் சரியாக இரண்டு முறை சுற்றுபவை புளூட்டினோக்கள். அவற்றுக்கு இறந்தோர் உலகத்துத் தெய்வங்கள். புளூட்டோ, ஆர்க்கஸ், இக்சியான் எல்லாம் இந்த வகை. உங்களுடையதும் புளூட்டினோ என்கிறாய். அப்படியானால் மருதமலை முருகனும் வெள்ளியங்கிரி ஆண்டவரும் இதற்குப் பொருந்த மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. 1999-ல் கண்டுபிடித்த ஒன்றைப் புளூட்டினோ என்று தவறாக வகைப்படுத்தி, பாதாளத்து நீதிபதி ரடமாந்தஸின் பெயரை வைத்துவிட்டார்கள். அது புளூட்டினோவே இல்லை என்று பிறகு தெரிந்தது. பெயர் அப்படியே நின்றுவிட்டது. அதனால் பாதைக் கணக்கை இன்னொரு தடவை ஓட்டிப் பார். அவசரமே இல்லை. எண் கொடுத்த நாளிலிருந்து பெயர் முன்மொழிய உங்களுக்குப் பத்து வருடம் உரிமை உண்டு.

அதுவரை செல்லப்பெயர் எதுவும் வெளியே போகாமல் பார்த்துக்கொள். 2005-ல் ஏரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தவர்கள் தங்களுக்குள் 'ஜீனா' என்று கூப்பிட்டது பத்திரிகைக்குப் போய், 2006 செப்டம்பரில் உண்மைப் பெயர் வரும்வரை உலகமே அப்படித்தான் சொன்னது. பலருக்கும் பிடித்திருந்த பெர்செஃபனி என்ற பெயரை அதற்கு வைக்க முடியவில்லை, 399-ஆம் சிறுகோள் அந்தப் பெயரை என்றோ எடுத்துக்கொண்டிருந்தது. 1930-ல் புளூட்டோவுக்கு மினர்வா என்று யோசித்தபோதும் இதே தடைதான். நம் சாமிகளிலும் பலருக்கு இடம் போய்விட்டது: 1170 சிவா, 2415 கணேசா, 4034 விஷ்ணு, 20000 வருணா. சந்திரா என்பதும் கிடைக்காது, 1958-ஆம் எண் இயற்பியலாளர் சந்திரசேகர் பெயரில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள சிறுகோள், துணைக்கோள் பெயர்களோடு ஒலியில் நெருங்கி வந்தாலும் தள்ளிவிடுவார்கள். பட்டியலில் நேர் எழுத்தை மட்டும் தேடாமல், ஓரெழுத்து மாற்றியும் தேடு.

யமன் என்று உனக்குத் தோன்றும். வேண்டாம். இந்தியில் புளூட்டோவுக்கே யம் என்றுதான் பெயர். வருணா பட்ட பாடு போதும்: இந்தியில் வருண் என்றால் நெப்டியூன், வானியல் பட்டியலில் வருணா என்றால் வேறொரு சிறுகோள்.

என் மனதில் நிற்பது ஆனைமலை மாசாணி. மயானத்தில் படுத்திருப்பவள், மயான சயனி என்பதே மாசாணி ஆனது என்று சொல்வார்கள். நின்றோ உட்கார்ந்தோ இல்லாமல், மண்ணில் மல்லாந்து கிடக்கும் கோலம் அவளுடையது. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றதற்காக நன்னன் என்ற மன்னன் கொலை செய்த பெண் அவள் என்பது ஊர் வழக்கு. அந்தக் கொலையைக் குறுந்தொகை 292-ஆம் பாட்டில் பரணர் சொல்கிறார்: தண்டமாக 81 களிறும் பெண்ணின் எடைக்கு எடை பொற்பாவையும் தர வந்தும் அவன் வாங்கவில்லை. அநியாயம் நடந்தவர்கள் இன்றும் அவள் சன்னதியில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். புளூட்டினோவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் நம் சீமையில் எனக்குத் தெரியவில்லை.

விதியிலும் அடங்குகிறது. ஆங்கிலத்தில் 16 எழுத்துக்குள், முடிந்தால் ஒரே சொல்லாக, உச்சரிக்க வருவதாக இருக்க வேண்டும். மாசாணியம்மன் என்றால் 11 எழுத்து, அதுவும் செல்லும். ஆனால் எம், ஏ, எஸ், ஏ, என், ஐ என்று ஆறே எழுத்தில் மாசாணி போதும். நெடிலைக் காட்ட ஏ-யை இரட்டிக்காதே. கோயில் பெயரை ஆங்கிலத்தில் ஒற்றை ஏ போட்டே எழுதுகிறார்கள், தேடுகிறவர்களுக்கு அதுவே அகப்படும். வெள்ளிக் கோளில் ஒரு பள்ளத்துக்கு ஔவையார் பெயர் இருக்கிறது, எழுத்துக்கூட்டைப் பார்த்தால் 'அவ்வியார்' என்றுதான் படிக்க வரும். ஒருமுறை பதிவானால் அதுதான் நிலைக்கும்.

பெயரோடு போகும் விளக்கக் குறிப்பைச் சுருக்கமாக எழுது. முதல் வரியிலேயே மயானம் வந்துவிட வேண்டும், இறந்தோர் உலகத்தோடு என்ன சம்பந்தம் என்று பெயரை ஏற்கும் குழுவினர் கேட்க இடம் வைக்காதே. ஆனால் 'சாவின் தெய்வம்' என்று மட்டும் எழுதிவிடாதே. அவள் யார் உயிரையும் எடுப்பவள் இல்லை; செத்த இடத்திலேயே கிடந்து நியாயம் கேட்பவள். அந்த வித்தியாசம் குறிப்பில் நிற்க வேண்டும், அது நின்றால்தான் கோயிலுக்குப் போகிற நம் சனங்களும் மனசாரச் சம்மதிப்பார்கள்.

ஆர்க்கஸுக்கு வாந்த் மாதிரி, பின்னால் இதற்கும் ஒரு துணைக்கோள் தென்படலாம். அப்போது ஒரே கதையிலிருந்து எடுக்கலாம் என்று யாராவது நன்னன் பெயரைச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அவளைச் சுற்றி அவன் வரக் கூடாது. மாங்காயைக் கொண்டுவந்த ஆழியாற்றின் பெயரைக் கேட்டுப் பார்.

அன்புடன்,
அப்பா