வெள்ளச்சி இப்போது மாடிக்குப் போவதில்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கு வருகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து நைனா காலண்டர் முன்னால் போய்ப் போய் நிற்கிறார். வீடியோ காலில் நீ முதலில் கேட்பது வெள்ளச்சியைத்தான். நானும் அவள் தூங்கும் நேரம் பார்த்துத்தான் காட்டுவேன். நடந்து வருவதை நீ பார்க்க வேண்டாமே என்றுதான். பாலாற்றங்கரையிலிருந்து நீ சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த பூனைக்குட்டிக்கு இப்போது 14 வயது. மூட்டெல்லாம் தேய்ந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து வருகிற நீ, பழைய ஞாபகத்தில் அவளை வாரித் தூக்கிவிடக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் எனக்கே தெரியவில்லை. அவள் நொண்டவில்லை, கத்தவில்லை, சோற்றிலும் குறையில்லை. மாடிக்குப் போவது மட்டும் நின்றது. போன வருஷம் சித்திரை வெயிலில் தளம் சுடுகிறது, அதனால்தான் என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழை வந்த பிறகும் அவள் படியேறவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி, கூடத்தில் 'டக், டக்' என்று சத்தம். எழுந்து பார்த்தால் வெள்ளச்சி தண்ணீர் குடிக்கப் போகிறாள். டைல்ஸில் நகம் தட்டுகிறது. பூனை நடந்து சத்தம் கேட்டிருக்கிறாயா நீ? மடியில் போட்டு முன்காலைப் பிரித்துப் பார்த்தேன். நகங்கள் தடித்து, உள்ளே இழுக்க முடியாமல் வெளியே நின்றன. பக்கவாட்டு நகம் ஒன்று வட்டமாகச் சுருண்டு பஞ்சுபோன்ற பாதத்தில் குத்தத் தொடங்கியிருந்தது. முருங்கை மரத்தில் பிறாண்டுவதை எப்போது நிறுத்தினாளோ! முதுகின் பின்பக்கம் முடி சிக்குப் பிடித்துக் கட்டியாகக் கிடந்தது. உடம்பைத் திருப்பி நக்க முடியாததால் வந்த சிக்கு அது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட்டோமே என்று அன்றைக்கு ரொம்ப அழுதேன்.

முதலில் காட்டிய இடத்தில், வயசாகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா இடுப்பையும் முழங்காலையும் மெதுவாக மடக்கிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்று சொன்னார். வலியை வெளியே காட்டாதது பூனையின் குணமாம். 2002-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்திருக்கிறார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்திருக்கிறது. வயசாகிவிட்டது, சும்மா படுத்திருக்கிறது என்று நாம் சொல்லும் பூனைகளில் எத்தனை வலியோடு படுத்திருக்கின்றனவோ.

நைனா செய்யப் போன காரியத்தையும் சொல்லிவிடுகிறேன், அவர் மேல் கோபப்படாதே. அவருக்கும் முழங்கால் வலி இருக்கிறதே, அவள் படும் பாடு அவருக்குத்தான் முதலில் புரிந்தது. தன் பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்துத் தயிர்சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். நல்லவேளை, நான் பார்த்துவிட்டேன். நம் ஈரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றுகிற மாதிரி பூனையின் ஈரலால் முடியாது. அது ரத்தத்தைக் கெடுத்துவிடும், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். அந்தப் பாதி மாத்திரையே அவள் உயிரை எடுத்திருக்கும். நாம் தடவும் மூட்டுவலித் தைலமும் ஆகாது, நக்கி விழுங்கிவிடும். உன் நண்பர்கள் வீட்டில் யாராவது பூனை வளர்த்தால் இதை மட்டுமாவது சொல்லிவிடு.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மெலாக்சிகாம் என்கிற வலி குறைக்கும் சொட்டு மருந்து எழுதினார். எடைக்குத் தகுந்த அளவு, சாப்பாட்டோடு மட்டும். அன்றைக்குச் சாப்பிடவில்லை என்றால் மருந்தும் கிடையாது.

எடையையும் குறைக்கச் சொன்னார். 5.2 கிலோ இருந்தாள், இப்போது 4.5. அவளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, அப்புறம் நான் மட்டும் ஏறி, கழித்துப் பார்ப்பேன். பட்டினி போட்டு இளைக்க வைக்கக் கூடாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். அதனால் ஏழெட்டு மாதம் எடுத்துக்கொண்டு, பால்சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம்.

வீட்டையும் அவளுக்காக மாற்றியிருக்கிறோம். ஆயா உட்கார்ந்து சாப்பிடும் மணை ஞாபகம் இருக்கிறதா? அதையும் வேறு இரண்டு பலகையையும் செங்கல் வைத்து ஜன்னல் வரைக்கும் படியாக அடுக்கி, வழுக்காமல் இருக்கக் கோணிப்பை சுற்றியிருக்கிறார் நைனா. முதல் நாள் அவள் ஏறவே இல்லை. நான்காம் நாள் காலையில் காபி கொண்டுபோனேன், ஜன்னலில் உட்கார்ந்து அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா என் கையைப் பிடித்து, பேசாதே என்று ஜாடை காட்டினார்.

மணல் தொட்டிக்குப் பக்கத்திலேயே மூத்திரம் போகிறாள் என்று அம்மா திட்டிக்கொண்டிருந்தாள் இல்லையா, தொட்டியின் விளிம்பைத் தாண்டப் பின்னங்கால் எழவில்லை, அவ்வளவுதான். ஒரு பக்கத்தை மூன்று விரல் உயரத்துக்கு வெட்டிவிட்டேன், அன்றோடு சரியாகிவிட்டது. மார்கழிப் பனிக்கு வெந்நீர் பாட்டிலை உன் பழைய லுங்கியில் சுற்றிப் படுக்கையில் வைக்கிறோம். உன் வாசனை அதில் இன்னும் இருக்கிறதோ என்னவோ, வேறு துணி வைத்தால் படுக்க மாட்டேன் என்கிறாள்.

நீ வந்ததும் கையை முதலில் அவள் மூக்குக்கு நேரே நீட்டு. மோந்து பார்க்கட்டும். தூக்குவதாக இருந்தால் ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்னங்காலை நன்றாகத் தாங்கி. இறக்கும்போது நாலு காலும் தரையில் படும் வரை கையை எடுக்காதே. கயிறு காட்டிக் குதிக்க வைக்காதே, தரையோடு இழுத்தால் இப்போதும் ஒரு காலால் தட்டுவாள்.

காட்பாடியில் இறங்கியதும் போன் பண்ணு. காலை வெயிலுக்கு அவள் வாசல் கேட்டுக்குப் பின்னால்தான் படுத்திருப்பாள், முன்னைப்போல் சட்டென்று எழுந்து நகர முடியாது. கேட்டை மெதுவாகத் திற.

அன்புடன்,
அக்கா
சத்துவாச்சாரி, வேலூர்