அது உன் பாடு

தம்பி,

நேற்றோடு இரண்டு வருடம். எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்தைய கதையை இங்கே எழுதமாட்டேன், சபைக்காரர்களும் இதை வாசிப்பார்கள். கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன், ஓய்வுநாள் பள்ளி வகுப்பையும் விட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் உடம்பு முடியவில்லை என்றேன். அது பொய்.

போன மாதம் பிள்ளைகளுக்கு பைபிளில் மத்தேயு 21, இரண்டு குமாரர் கதை எடுத்தேன். அப்பா திராட்சத்தோட்டத்துக்குப் போகச் சொன்னால் மூத்தவன் மாட்டேன் என்கிறான், அப்புறம் போகிறான். இளையவன் "போகிறேன் ஐயா" என்கிறான், போகவில்லை. "பின்பு அவன் மனஸ்தாபப்பட்டுப் போனான்" என்ற இடத்தில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், மனஸ்தாபம்னா சண்டைதானே?" இல்லைம்மா, செய்ததை நினைத்து வருந்துவது என்றேன். நமக்குள் இருப்பதற்கும் அதே பெயர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த நாளில், அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தபோது நீயும் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாய். புதுச் சட்டை. மடிப்புக்கோடு கூடப் போகவில்லை, காலருக்குக் கீழே கடைக்காரர்கள் குத்தும் குண்டூசி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் வேஷம் என்று நினைத்தேன். வேகமாக வந்து உன் கையைப் பிடித்தேன். "அக்கா, நான் மாறிட்டேன்க்கா" என்றாய். "அது உன் பாடு. இன்னைக்கு முன்னாடி வராதே" என்றேன். நீ உட்கார்ந்தாய். கடைசிப் பாட்டுக்கு நீ அங்கே இல்லை.

நான் சபை ஒழுங்கைக் காப்பாற்றினேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். அபாத்திரமாய், தகுதியில்லாமல், பந்தியில் சேரக்கூடாது என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியிருக்கிறாரே! ஆனால் அவர் சொன்னது "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று. தம்பியைச் சோதித்துப் பார் என்று சொல்லவில்லை.

சரி, நீயும் ஒன்றைக் கேள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றான். நீ யாருக்கு எதைத் திருப்பித் தந்தாய்? அம்மாவின் கடைசி மாதங்களில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருந்தது யார்? நீ ஒருநாள் வந்து அழுதால் எல்லாம் சரியாகிவிட வேண்டுமா? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனாலும் சகேயு அதைச் சொன்னது இயேசு அவன் வீட்டில் தங்குவேன் என்று சொன்ன பிறகுதான். அதற்குள், பாவியின் வீட்டுக்குப் போகிறாரே என்று பார்த்தவர்கள் முறுமுறுத்தாயிற்று. நான் அவர்களோடு நின்றேன்.

இன்னொன்றையும் அந்த வாரம் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் "மனஸ்தாபப்பட்டு" என்றுதான் மத்தேயுவில் இருக்கிறது. அதற்குக் கூலியாக வாங்கிய முப்பது வெள்ளிக்காசோடு அவன் ஓடியது பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமும். இரண்டு குமாரர் கதையை இயேசு தேவாலயத்தில் சொன்னதும் அவர்களிடம்தான். அவனுக்கு அவர்கள் கொடுத்த பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." அவன் போய்ச் செத்தான். பதினைந்து வருடம் அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்கிறது. நீ உயிரோடு இருக்கிறாய் என்பதற்காகத் தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

ஆயக்காரரும், அதாவது வரி வசூலிப்பவர்களும், வேசிகளும் உங்களுக்கு முன்னே தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கிறார்கள் என்று இயேசு அந்த ஆசாரியரிடமும் மூப்பரிடமும் சொன்னார். முன்னே என்றுதான் சொன்னார். உங்களுக்குக் கதவை அடைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. மனந்திரும்பச் சொல்லி வந்த யோவான் ஸ்நானனை அவர்கள் முதலில் நம்பாததைவிட, அந்த ஜனங்கள் மாறியதை "கண்டும்" பின்பாகிலும் மனஸ்தாபப்படவில்லை என்பதுதான் என்னைக் குத்துகிறது. நீ மாறியதை நான் கண்டேன். கண்ணுக்கு நேரே, ஒரு கை தூரத்தில்.

முதல் ஞாயிறு திருவிருந்து. நான் கடைசி பெஞ்சில் இருப்பேன், பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறேன். அம்மா விஷயத்தை வீட்டுக்கு வந்து பேசிக்கொள்வோம், அதை நான் விடப்போவதில்லை. அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வா. காலரில் ஊசி இருந்தால் நான் எடுத்துவிடுகிறேன்.

அக்கா