தீ மூட்டிய அரை மணியில் ஒழுகிய செம்பு பாய்லர்: சீரமைப்பு நிறுவனத்துக்குப் புகார் கடிதம்

அனுப்புநர்: வாடிக்கையாளர், மல்லேஸ்வரம், பெங்களூரு.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை.

பொருள்: செம்பு வெந்நீர் பாய்லரைத் தவறாகச் சீரமைத்தது, செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியது, தண்ணீர் திறக்கும் பழைய பித்தளைக் குழாயைத் திருப்பித் தராதது.

ஐயா,

உங்கள் பட்டறை மேற்பார்வையாளரிடம் முதல் நாளிலிருந்து தமிழில்தான் பேசினேன். அதனால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

எங்கள் குளியலறை மூலையில் நிற்கும் பாய்லர், என் மாமியார் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பிருந்தே இருப்பது. நடுவில் தணல் எரியும் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர். நாலு கொட்டாங்குச்சி, இரண்டு தென்னை மட்டை போட்டால் வீட்டில் எல்லோரும் குளித்துவிடலாம். அடிப்பக்கம் நடுக்குழாயில் ஒரு பொத்தல் விழுந்ததால் ஆகஸ்ட் 11 அன்று உங்களிடம் கொடுத்தேன். "தினமும் தீ மூட்டப் போகிறோம், ஹாலில் வைப்பதற்கு இல்லை" என்று மூன்று முறை சொன்னேன். ரசீதிலும் 'பயன்பாட்டுக்கு' என்று எழுத வைத்தேன்.

அக்டோபர் 9 அன்று கண்ணாடி மாதிரிப் பளபளக்க வந்தது. தீபாவளிக்கு முதல் நாள், இந்த ஊர் வழக்கப்படி 'நீரு தும்புவ ஹப்ப' (தண்ணீர் நிரப்பும் பண்டிகை) என்று பாய்லரைக் கழுவி, மஞ்சள் குங்குமம் இட்டு, பூச்சுற்றித் தண்ணீர் நிரப்பினோம். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குத் தீ மூட்டினேன். பத்து நிமிடத்தில் தணல் வாயைச் சுற்றி வெளிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, வார்னிஷ் கருகும் நெடி வீடெங்கும் பரவியது. அரை மணியில் நடுக்குழாய்க்குள் தண்ணீர் கொட்டி, தணல்மேல் விழுந்து, சாம்பலும் ஆவியும் சேர்ந்து சீறின. தலையில் எண்ணெயோடு பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருந்தவர் 88 வயதான என் மாமியார். கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். அன்று அவருக்குக் காஸ் அடுப்பில் சுடவைத்த தண்ணீர்தான்.

தெரிந்த பாத்திரக்காரரை வரவழைத்துக் காட்டினேன். பொத்தல் இருந்த இடத்தை அவர் கத்தியால் சுரண்ட, கரித்தூளாக உதிர்ந்தது. செம்புத் தகடு வைத்துப் பித்தளை போட்டுப் பற்றவைக்க வேண்டிய இடத்தில் எபாக்ஸி பசையை அப்பியிருக்கிறார்கள். தணல் நேராகப் படும் இடம் அது! தொட்டி ஒழுகினால் அந்தப் பசை போதும். நெருப்பில் அது எப்படி நிற்கும்?

அடுத்தது ரசீதில் உள்ள 'உள்ளே ஈயப்பூச்சு, 2,400 ரூபாய்'. குளிக்கிற தண்ணீருக்கு ஈயம் தேவையில்லை என்று நானே சொல்லியிருந்தேன். அது ஒருபுறம் இருக்கட்டும். ஈயம் பூசுவதென்றால் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் போட்டு, பஞ்சால் தேய்க்க வேண்டும். எங்கள் பாய்லர் மூடிய பாத்திரம். பற்றவைத்த மூட்டுகளைப் பிரிக்காமல் உள்ளே கை போகாது. மூட்டுகள் பிரிக்கப்படவே இல்லை. பிறகு எங்கே பூசினீர்கள்?

நான் கேட்ட ஒரே சுத்தம், உள்ளே படிந்த சுண்ணாம்பை எடுப்பது. காவிரித் தண்ணீர் வராத நாட்களில் போர்வெல் தண்ணீர்தான், அது படிந்து படிந்து கல்லாகிவிட்டது. செம்பு வெப்பத்தைக் கடத்துவது சுண்ணாம்பைவிட நூறு மடங்குக்கும் மேல். படிவு கனத்தால் விறகுதான் வீணாகும். இப்போதும் தண்ணீரை வடித்தால் செதில் செதிலாக வருகிறது.

எல்லாவற்றையும்விட மனது தாங்காதது அந்தப் பித்தளைக் குழாய். அதைக் கழற்றிவிட்டு நிக்கல் பூசிய புதுக்குழாய் மாட்டியிருக்கிறீர்கள். கேட்டால், பழசு தேய்ந்துவிட்டது என்கிறார் மேற்பார்வையாளர். தேய்ந்தாலும் அது எங்களுடையது. மூன்று தலைமுறைக் கை பட்ட பிடி அது.

தொலைபேசியில் பேசியபோது, "இதையெல்லாம் இப்போ யாரும்மா எரிக்கிறாங்க, செடி வைங்க, அழகா இருக்கும்" என்று பதில் வந்தது. நான் அதற்காகக் கொடுக்கவில்லை.

பசையை முழுவதும் எடுத்து, செம்புத் தகடு வைத்துப் பற்றவைத்து, என் எதிரில் தண்ணீர் நிரப்பித் தீ மூட்டிக் காட்ட வேண்டும். சுண்ணாம்பை எடுக்க வேண்டும். ஈயப்பூச்சுக்கான 2,400 ரூபாயையும், நான் கேட்காத வார்னிஷுக்கு வாங்கிய 3,800 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். 15 நாள் பொறுப்பேன். அதற்குள் நடக்காவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். ரசீதும் படங்களும் இணைத்திருக்கிறேன்.

பழைய பித்தளைக் குழாய்க்கு மட்டும் 15 நாள் வேண்டாம். பட்டறையில் பழைய உலோகத்தோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுவதற்கு முன், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தேடி எடுத்து வையுங்கள். நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மல்லேஸ்வரம் வாடிக்கையாளர்