அந்த விளக்கைக் கொஞ்சம் குனிய வையுங்கள், ஐயா

நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பூங்காவின் தென்மூலை உயர்கோபுர விளக்கு மேல்நோக்கி எரிந்து வானத்தை வெளுக்கடிப்பது பற்றி எங்கள் வானியல் கழகம் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றும் 'உரிய நடவடிக்கைக்காக' மின்பிரிவுக்கு அனுப்பப்பட்டன என்று பதில் வந்தது. விளக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

நிலாவும் வியாழனும் எந்த வெளிச்சத்திலும் தெரியும். அதைச் சொல்லி எங்களைச் சமாதானப்படுத்த வேண்டாம். மே கடைசியில் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே சுமார் 30 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி நிற்கும். லட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கொத்து. லண்டன்காரர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலேயே வராது. நமக்கு வருகிறது, வந்து, நேரே உங்கள் கோபுரத்தின் தலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. எங்கள் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் கறுப்புத் துணியில் உப்பைத் தூவிய மாதிரி தெரிய வேண்டியது, இப்போது ஒரு சாம்பல் திட்டு. அரை மணி நேரம் வரிசையில் நின்ற பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க சார்?" என்று கேட்கிறது.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதனால்தான் நாங்கள் வானம் பார்க்கும் மாடியில், அந்தப் பழக்கத்தை அதிகம் கெடுக்காத சிவப்பு டார்ச் மட்டும் வைத்திருக்கிறோம். ஒரு தரம் திரும்பி அந்த விளக்கைப் பார்த்தால் போதும், கணக்கு முதலிலிருந்து. தொலைநோக்கிக் குழாயின் வாயில் சாய்வாக விழும் ஒளி உட்சுவரில் பட்டுக் கண்வில்லைக்குள் புகுகிறது. உள்ளே கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டியாயிற்று, வாயில் ஒரு அடி நீள அட்டைக் குழாயும் மாட்டியாயிற்று. வானமே வெளுத்துக் கிடந்தால் அட்டை என்ன செய்யும்?

ஃபில்டர் போடலாமே என்றார் உங்கள் பொறியாளர். பழைய சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சள் பகுதியில் அடங்கும். அதை மட்டும் வெட்டும் ஃபில்டர் உண்டு. உங்கள் கோபுரத்தில் இருக்கும் இந்த 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை) எல்இடி 450 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தில் உச்சம் காட்டி, அங்கிருந்து சிவப்பு வரை பரவுகிறது. எதை வெட்டுவது? நீலம்தான் காற்றில் அதிகம் சிதறவும் செய்கிறது.

விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. குனிய வையுங்கள் என்கிறோம். கோபுரத்தின் வின்ச்சைச் சுற்றினால், விளக்குகள் மாட்டிய வளையம் கீழே இறங்கும். ஒவ்வொரு விளக்கின் பிராக்கெட் போல்ட்டையும் தளர்த்தி, கண்ணாடி முகம் தரையைப் பார்க்கத் திருப்பி இறுக்க வேண்டும். எங்கள் மாடிப் பக்கம் பார்க்கும் இரண்டுக்குத் தகர மறைப்பு வேண்டும். அடுத்த முறை விளக்கு மாற்றும்போது 3000 கெல்வினுக்குக் குறைந்ததாக, அதாவது மஞ்சள் சாயலுள்ளதாக வாங்கினால் போதும். அரை நாள் வேலை. இப்போது மேல்நோக்கிப் போகும் வெளிச்சத்துக்கும் நகராட்சிதான் மின்கட்டணம் கட்டுகிறது. வௌவால்களிடம் வரி வசூலிக்கும் திட்டம் ஏதும் இருந்தால் தெரியவில்லை.

ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வான் ஆய்வகத்துக்குப் போய்ப் பாருங்களேன் என்ற யோசனையும் வந்தது. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருப்பதில் எங்களுக்கும் பெருமைதான். சனிக்கிழமை மாலை சைக்கிளில் வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஜவ்வாது மலை வழியில் இல்லை. இந்த ஊரில் கல்யாணத்துக்குக் கல்யாணம் மணப்பெண்ணுக்கு அருந்ததி காட்டுகிறார்கள், பட்டப்பகலில், மண்டபத்துக் கூரையைப் பார்த்து. இனி ராத்திரி முகூர்த்தம் வைத்தாலும் அதே கதிதான்.

கோபம் கொஞ்சம் மேலே வந்துவிட்டது, மன்னிக்கவும். கேட்பது ஒன்றே: விளக்கைக் குனிய வையுங்கள். வளையத்தை இறக்கும் நாளை முன்கூட்டிச் சொன்னால், இரண்டு தகர மறைப்புகளையும் நாங்களே வெட்டி, பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து தருகிறோம். மே மாதத்துக்குள் முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
வானியல் கழக உறுப்பினர்கள்