பதின்வயதுப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பு: ரேஷன் கடையிலிருந்து தொடங்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் வரும் ஆங்கிலப் பக்கம் குறித்து எழுதுகிறேன். செய்வினை, செயப்பாட்டுவினை, நேர்க்கூற்று, அயற்கூற்று, மாதிரி வினாத்தாள் என்று இலக்கணம் குறைவில்லாமல் வருகிறது. வாசிக்க மட்டும் ஒன்றும் வருவதில்லை. எப்போதாவது வரும் பத்தியும் பனிப்பொழிவைப் பற்றியோ அயல்நாட்டு விஞ்ஞானி ஒருவரின் இளமைக்காலம் பற்றியோ இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்காக, அவர்கள் தெருவில் அன்றாடம் நடப்பதை எளிய ஆங்கிலத்தில் எழுதி வாரம் ஒரு பத்தி வெளியிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இதை ஒப்புக்கு எழுதினால் பயன் இருக்காது. அதனால் எப்படி எழுதுவது, எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் 2023-ஆம் ஆண்டு ‘அசர்’ கல்விநிலை ஆய்வு, நாடெங்கும் 28 ஊரக மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் நடத்தப்பட்டது. ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் 73.5 சதவீதம்தான். பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 42 பேர்தான் வாசித்துப் புரிந்துகொள்கிறார்கள். சத்தமாக வாசிக்கத் தெரிந்தும் பொருள் தெரியாத ஒரு கூட்டம் இருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வகுப்பில் அவர்கள் நன்றாகப் படிக்கிறவர்களாகவே தெரிவார்கள்.

பதின்வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயது பதினைந்து, ஆங்கிலம் மூன்றாம் வகுப்பு அளவு. அந்த அளவுக்கு ஏற்ற புத்தகம் தேடினால் முயலும் ஆமையும்தான் கிடைக்கும். மீசை அரும்பிய பையனிடம் அதைக் கொடுத்தால் பையில் ஒளித்து வைப்பானே தவிர வாசிக்க மாட்டான். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் தமிழ் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்தது நல்ல ஏற்பாடு. ஆங்கிலத்திலும் அப்படி ஒன்று வேண்டும். ஆனால் அதில் மொழிதான் எளிதாக இருக்க வேண்டும். விஷயம் அவர்கள் வயதுக்கு உரியதாக இருக்க வேண்டும். தெருக்குழாய்ச் சண்டை, கடைசிப் பேருந்து, தேர்வு நேரத்தில் அலறும் ஒலிபெருக்கி, நாய்த்தொல்லை, பழுதான தெருவிளக்குக்கு மனு போடுவது இவையெல்லாம் இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தும்.

தெருவைப் பற்றி எழுதுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கியூ, கவுண்டர், பில், டோக்கன், டெபாசிட், டிரெய்னேஜ், கம்ப்ளைண்ட் எல்லாம் பிள்ளைகள் காதால் கேட்டும் வாயால் சொல்லியும் பழகிய சொற்கள். கண்ணுக்குத்தான் புதிது. ‘கியூ’வுக்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து என்று பார்த்ததும் திகைப்பார்கள். ஆனால் அடையாளம் கண்டுகொண்டால் மறக்க மாட்டார்கள், ஏனென்றால் பொருள் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பத்திக்கு இப்படி ஏழெட்டுச் சொற்கள் இருந்தால் பாதிச் சுமை குறையும்.

பத்தியின் அளவு 120 முதல் 150 சொற்கள். வாக்கியத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு சொற்கள் போதும். நூறு சொற்களில் முற்றிலும் புதியவை ஐந்துக்கு மேல் போகக் கூடாது. அந்த ஐந்தும் பத்திக்குள் இரண்டு மூன்று முறை திரும்பி வர வேண்டும்; ஒரே முறை வரும் புதுச்சொல் மனதில் தங்காது. அழகுக்காக ஒரே பொருளை வெவ்வேறு சொற்களால் சொல்லும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். முதல் வரியில் இயந்திரம் என்றால் கடைசி வரியிலும் இயந்திரம்தான், கருவி ஆகிவிடக் கூடாது.

ஒரு பத்தி எப்படி அமையலாம் என்று காட்டுகிறேன். பத்தாம் வகுப்புப் பெண் பாட்டியோடு ரேஷன் கடைக்குப் போகிறாள். நீண்ட வரிசை. பாட்டி விரலை வைக்கிறார், இயந்திரம் ஏற்கவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார், அப்போதும் இல்லை. பின்னால் நிற்பவர் முணுமுணுக்கிறார். விற்பனையாளர் வேறு விரலை வைக்கச் சொல்கிறார், பதிவாகிவிடுகிறது. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். பாட்டி நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார். அவ்வளவுதான் பத்தி. வரிசை, விரல், இயந்திரம் மூன்றும் பலமுறை வந்துவிடும். நடுவில் ஒரு சிக்கல் இருப்பதால் அடுத்த வரிக்குப் போகத் தோன்றும். ரேஷன் கடையால் மக்கள் பயனடைகிறார்கள் என்று கட்டுரை நடையில் எழுதினால் ஒருவரும் இரண்டாம் வரியைத் தாண்ட மாட்டார்கள்.

பத்தியைவிடக் கேள்விகளில்தான் அதிகம் கெடுகிறது. பாட்டி எங்கே போனார் என்று கேட்டால், கேள்வியில் உள்ள சொற்களைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதிவிடலாம். பொருள் ஒரு துளியும் தெரிய வேண்டியதில்லை. முழு மதிப்பெண் கிடைத்துவிடும். இப்படியே ஐந்து வருடம் ஓட்டியவர்கள்தான் மேலே சொன்ன கூட்டம். பதிலாக, பாட்டிக்கு மீதி எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கலாம். 45 ரூபாய் என்ற எண் பத்தியில் இல்லை. பாட்டி ஏன் கையைத் துடைத்தார், பின்னால் நின்றவருக்கு என்ன கோபம் என்று கேட்கலாம். நடந்ததை ஐந்து வரிகளாகக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லலாம். பத்தியில் பொருந்தாத வரி ஒன்றைச் செருகி அதைக் கண்டுபிடிக்கச் சொல்வது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். மூன்று கேள்விகள் போதும். பதிலைத் தமிழில் சொல்ல விடுங்கள். சோதிப்பது வாசிப்பை, ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் புரிந்தவனும் வாய் திறக்க மாட்டான். ஆங்கில ஆசிரியர்கள் பலருக்கு இது பிடிக்காது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

மாதம் ஒரு வாரமாவது கதைக்குப் பதில் உண்மையான அறிவிப்பு ஒன்றைக் கொடுக்கலாம். மின்தடை அறிவிப்பு அருமையான பாடம். மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும், பணி முடிந்தால் 5 மணிக்கு முன்பே வழங்கப்படும், கீழே தெருப் பெயர்கள் என்று இருக்கும். கேள்வி இப்படி இருக்கட்டும்: மேல்தொட்டிக்கு மோட்டார் எத்தனை மணிக்குள் போட வேண்டும்? இட்லி மாவு எப்போது அரைக்கலாம்? உங்கள் தெரு பட்டியலில் இருக்கிறதா? மோட்டாரும் மாவும் அறிவிப்பில் எங்குமே இல்லை. ஐந்து மணிக்கு முன்பு என்பதை ஐந்து மணிக்குப் பிறகு என்று புரிந்துகொள்கிறவர்கள் இங்கே பிடிபடுவார்கள். முன், பின், வரை, தவிர போன்ற சிறு சொற்களில்தான் அறிவிப்பின் உயிர் இருக்கிறது. பிள்ளைகள் தாண்டிப் போவதும் அவற்றைத்தான்.

மருந்துக்கடைப் பொட்டலங்களும் அப்படியே. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி இரண்டு அளவில் வருகிறது. சுமார் 21 கிராம் உள்ள பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். நான்கு கிராம் சொச்சம் உள்ள சிறியதை 200 மில்லியில். பெரியதை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு மிஞ்சி, குடிக்கும் குழந்தைக்குக் கெடுதல். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ‘அசர்’ ஆய்விலும் இந்தப் பொட்டலத்தின் குறிப்பை வாசித்துப் பதில் சொல்லும் பகுதி ஒன்று இருந்தது. இருமல் மருந்துப் புட்டியில் குலுக்கிவிட்டுக் குடி என்று இருப்பதும், களிம்புக் குழாயில் மேலே தடவ மட்டும் என்று இருப்பதும் இதே வரிசைதான். வீட்டுக்கு வீடு அலமாரியில் இருக்கும் வாசகங்கள் இவை, தனியாகத் தேட வேண்டியதில்லை.

வாசிக்க வைக்கும் முறைக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். முதல் மூன்று நிமிடம் தலைப்பைச் சொல்லித் தமிழிலேயே பேச விடலாம். ரேஷன் கடையில் என்னென்ன நடக்கும் என்று பேசிவிட்டால் பத்தி பாதி அறிமுகமாகிவிடும். அடுத்து பெரியவர் ஒருவர் ஒரு முறை வாசிக்க, பிள்ளைகள் பென்சிலால் வரியைத் தொடர வேண்டும். பிறகு நான்கைந்து நிமிடம் மௌன வாசிப்பு. அதன்பின் இருவர் இருவராக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வாக்கியம் என்றில்லாமல் ஆளுக்கு ஒரு முழுப் பத்தியும் வாசிக்க வேண்டும். கடைசியில் கேள்விகள். ஒரு சொல்லில் திணறினால் ஐந்து விநாடி பொறுத்திருந்து, சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அங்கே எழுத்துக்கூட்டச் சொன்னால் வாக்கியம் அறுந்துபோகும். நூறு சொல்லில் பத்துக்கு மேல் தவறினால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். பத்தி கடினம், எளிதான ஒன்றை எடுங்கள்.

அதே பத்தியை வாரத்தில் மூன்று நாள் வாசிப்பது அலுப்பாகத் தோன்றும். ஆனால் வேகம் ஏறுவது அங்கேதான். ஒரு நிமிடத்துக்கு மணி பார்த்து, சரியாக வாசித்த சொற்களை எண்ணிக் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். நிமிடத்துக்கு 60 சொல்லுக்குக் கீழே இருந்தால் வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துவிடும். நூறைத் தொட்டால் பொருளை யோசிக்க இடம் கிடைக்கும். இந்த எண்ணை அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடக் கூடாது, பலகையில் எழுதவே கூடாது. ஒப்பிட்டால் அர்த்தமில்லாமல் ஓட ஆரம்பித்துவிடுவார்கள்.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது, ஆங்கில வரிக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிக்கொள்வது. கண் அதற்குப் பிறகு ஆங்கில எழுத்தைப் பார்ப்பதே இல்லை. ‘கோல்ட்’ என்று எழுதிவைத்தால் அது தங்கமா குளிரா? அடுத்தது, வகுப்பு முழுக்க ஒரே குரலில் கத்துவது. முன்வரிசையில் நான்கு பேர் வாசிக்க மற்றவர்கள் எதிரொலிப்பார்கள். ஆளுக்கு இரண்டு வரி என்று வரிசையாக எழுப்பி வாசிக்கவிட்டால், தன் முறைக்கு எந்த வரி வரும் என்று எண்ணுவதிலேயே நேரம் போகும். அகராதியை ஒவ்வொரு சொல்லுக்கும் புரட்ட வேண்டாம். அடிக்கோடு போட்டுவிட்டுக் கடைசிவரை போய், அப்போதும் புரியாத மூன்று சொற்களுக்கு மட்டும் பார்த்தால் போதும். கைபேசியில் படம் எடுத்துத் தமிழாக்கிப் பார்த்துவிட்டால் வாசிக்க ஒன்றும் மிச்சமில்லை. வாசித்து முடித்த பின் உச்சரிப்பைக் கேட்க அதைப் பயன்படுத்தலாம்.

நீளமான வாக்கியங்களில் வேறொரு தடை. கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா என்று நாம் சொல்வதை ஆங்கிலம் அக்காவில் தொடங்கிக் கோயிலில் முடிக்கிறது. பிள்ளைகள் கடைசிச் சொல்லுக்குப் போய்ப் பின்னோக்கி மொழிபெயர்த்துக்கொண்டு வருவார்கள். அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். பென்சிலால் சாய்கோடு போட்டுத் துண்டு துண்டாக, வந்த வரிசையிலேயே படம் பிடித்துக்கொள்ளப் பழக்க வேண்டும். அச்சிலேயே முதல் இரண்டு மாதங்களுக்கு இந்தச் சாய்கோடுகளைப் போட்டுத் தரலாம், பிறகு எடுத்துவிடலாம்.

அச்சு பற்றியும் சொல்ல வேண்டும். செய்தித்தாளின் குறுகிய நெடுவரிசையில் ஆங்கிலச் சொற்கள் வரி முடிவில் உடைந்து, மீதி அடுத்த வரிக்குப் போகும். பழகியவர்களுக்குத் தொந்தரவில்லை, தொடக்கநிலை வாசகருக்கு அது இரண்டு புதுச்சொல். எனவே இரண்டு நெடுவரிசை அகலம் எடுத்து, வரிக்கு எட்டு முதல் பத்துச் சொற்கள் அமையும்படி, சொல்லை உடைக்காமல், வலது ஓரத்தைச் சமன்படுத்தாமல் விடுங்கள். 12 புள்ளி எழுத்து, வெள்ளைப் பின்னணி. வண்ணப் படத்தின் மேல் எழுத்தை அச்சிட வேண்டாம். சொற்பொருளை வரிக்கு நடுவே செருகாமல் கீழே தனியாகப் போடுங்கள். விடைகள் அடுத்த வாரம் வரட்டும். பின்பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம் இல்லாத இடமாகப் பார்த்துப் போட்டால், வெட்டி எடுத்து ஊர்ப்புற நூலகத்தின் பலகையில் ஒட்டிவைக்கவும் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் (ஆங்கிலம்),
திருவாரூர் மாவட்டம்.